இரவல் பசி

எனக்குப் பசி நின்றுபோய் வெகு காலம் ஆகிறது. சோறு தின்னாமல் இல்லை. மாத்திரை விழுங்குகிற மாதிரி மூன்று வேளையும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். தெய்வாத்தாள் அரிசிபருப்புச் சாதத்தின் மேல் நெய்யைக் கவிழ்த்துக் கொண்டுவந்து வைத்தாலும் என் நாக்குக்கு அது நனைந்த அட்டைதான். தெய்வாத்தாள் என் மனைவி. அவள் கைப்பக்குவத்துக்காகவே எங்கள் வீட்டுக்கு உறவும் ஒரம்பறையுமாக விருந்தாளிகள் வந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நான். எனக்கும் நாக்கு செத்துவிட்டது.

"எண்பதைத் தாண்டிட்டீங்க. இனி வயிறு மூளைக்குச் சேதி அனுப்பாது. இதுக்கெல்லாம் மருந்து கெடையாதுங்க" என்றார் டாக்டர். அவருக்கே எழுபதுக்கு மேல்.

எனக்கு மட்டும் வந்த கேடு என்று நினைத்துவிட வேண்டாம். திருப்பூரே அப்படித்தான் ஆகிக் கிடந்தது. ஆளுக்கு ஒரு பிள்ளை பெற்றோம். அந்த ஒன்றும் பிழைப்புத் தேடிக் கடல் தாண்டிவிட்டது. நான் படித்த பள்ளிக்கூடம் மூட்டு ஆஸ்பத்திரி ஆனது. கல்யாண மண்டபங்களில் வரிசையாகக் கட்டில் போட்டு எங்களைப் போன்றவர்களைப் படுக்கவைத்திருந்தார்கள். பனியன் துணி பின்னுவது, வெட்டுவது, தைப்பது எல்லாம் இயந்திரம் பார்த்துக்கொண்டது. மீதி வேலைக்கு, அதாவது மடித்துப் பெட்டியில் அடுக்குவதற்கும் சாயத் தொட்டி கழுவுவதற்கும் எங்களைக் குளிப்பாட்டி வேட்டி கட்டிவிடுவதற்கும் ஒடிசாக்காரர்கள் இருந்தார்கள்.

ஒடிசாக்காரர்கள் என்று பேருக்குத்தான் சொல்கிறேன். ரயிலேறி வந்தது அவர்களுடைய தாத்தன். இப்போது இருப்பவர்கள் ஒடிசாவைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நொய்யலுக்கு அந்தக் கரையில் தகரக் கூரை போட்ட லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். ஊரில் குழந்தை அழுகிற சத்தம் கேட்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் அவர்களுக்கு ரேஷன் அரிசி கிடையாது. வரிப்பணம் வற்றிப்போனதும் அரசாங்கம் கையைக் கழுவிவிட்டது. அரிசி, தண்ணீர், விளக்கு என்று ஊருக்கு வருகிற ஊர்ப் பங்கை யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தந்த ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் என்றால் நாங்கள். இருக்கிற அரிசி எங்களுக்கே போதாது என்று முடிவு செய்திருந்தோம். எங்களுக்குப் பசியே இல்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட ஊருக்குள்தான் நறுமுகை வந்து சேர்ந்தாள். நரம்பு வைத்தியம் படித்துவிட்டு நாடகம் போடுகிற பெண். ஊர்ப் பங்குச் சபையைக் கூட்டிப் பேச வேண்டும் என்று கேட்டாள். சபைக்கு நான் தலைவர், என் பால்ய சிநேகிதன் அப்புக்குட்டி செயலாளர். இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லாததால் கூட்டினோம்.

"வருஷா வருஷம் சமத்துவக் கலைவிழா நடத்தறீங்க" என்று ஆரம்பித்தாள். "லைன் வீட்டுக்காரங்க வந்து ஆடறாங்க. நீங்க கை தட்டிப் பொன்னாடை போத்தறீங்க. அப்பறம் அவங்க அந்தக் கரைக்குப் போயிடறாங்க, நீங்க இந்தக் கரையிலயே இருந்துக்கறீங்க. அதுல என்னங்கய்யா சமத்துவம்? ஒருத்தரோட ஒடம்புக்குள்ள இன்னொருத்தர் போயிட்டு வரோணும். கலைன்னா அதுதானுங்க."

"அதெப்படி அம்மிணி போறது?" என்றேன்.

பையிலிருந்து இரண்டு துணிப்பட்டைகளை எடுத்து மேசைமேல் போட்டாள். தலைவலிக்கு இறுக்கிக் கட்டுவோமே, அந்த அகலம். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

"மேடையில இருக்கறவங்க வெள்ளையைக் கட்டிக்குவாங்க. பாக்கறவங்க ஆளுக்கொரு கறுப்பு. அவங்க ஒடம்புக்கு என்ன ஆகுதோ அது உங்க ஒடம்புக்கும் ஆகும். பசி, தாகம், கால் கடுப்பு. மனசுல நெனைக்கறது வராதுங்க. ஒடம்பு மட்டுந்தான் வரும்."

"அவிய நடிச்சு ஏமாத்திப்போட்டா?" என்றான் அப்புக்குட்டி. அவன் சாயப்பட்டறை நடத்தியவன். எல்லாரையும் தன்னைப் போலவே நினைப்பான்.

"வயித்துக்கு நடிக்கத் தெரியாதுங்க. பசியைக் காட்டோணும்னா நெசமாவே பட்டினி கெடக்கோணும். பட்டையைக் கழட்டுனதுக்கு அப்பறமும் கொஞ்ச நேரம் அந்தப் பசி உங்க ஒடம்புல தங்கும். அந்த நேரத்துல ஓட்டு வெச்சுக்கலாம். பசியோட இருக்கறவன் இன்னொருத்தனுக்குச் சோறு இல்லைன்னு சொல்லுவானுங்களா?"

நல்ல பெண். மனிதர்களைப் பற்றி உயர்வான அபிப்பிராயம் வைத்திருந்தாள். வயது போதாது, வேறொன்றுமில்லை.

முதல் நாடகத்துக்கு 'மத்தியானம்' என்று பெயர். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெண் கம்பெனியில் உட்கார்ந்து பனியன் மடிக்கிறாள். பக்கத்து மேசையில் சூப்பர்வைசர் வந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிடுகிறான். அவள் மடித்துக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான். நடித்தவள் பசந்தி. ஒல்லியான தேகம், பெரிய கை. முந்தின நாளிலிருந்தே அவள் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை என்று நறுமுகை மேடையேறிச் சொன்னாள்.

சூப்பர்வைசர் மூடியைத் திறந்தான். குழம்பு வாசனை வந்தது. அடிவயிற்றில் ஈரத் துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒன்று கிளம்பி மேலே ஏறியது. என்னவென்று முதலில் தெரியவில்லை. அப்புறம் வாயில் எச்சில் ஊறியது. எச்சில் ஊறி எத்தனை காலம்! இருட்டில் உட்கார்ந்து நான் விக்கி விக்கி அழுதேன். சுற்றிலும் எல்லாரும் அழுதார்கள். எங்கள் அழுகையைப் பார்த்து மேடை ஓரத்தில் நின்ற நறுமுகையும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் பசந்திக்காக அழுகிறோம் என்று அவள் நம்பியது அவளுடைய பிழை. நான் என் எச்சிலுக்காகத்தான் அழுதேன்.

அந்தக் கையோடு லைன் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடலாம் என்று ஓட்டுப் போட்டோம். போட்டுவிட்டு எதிரே இருந்த ராக்கியண்ணன் மெஸ்ஸுக்குள் புகுந்தோம். ஐயோ, அந்தச் சாப்பாடு! கொள்ளுப்பருப்பும் ரசமும் கோழி வறுவலும் வாய்க்குள் போன வேகத்தை இன்றைக்கு நினைத்தாலும் கண்ணில் தண்ணீர் வருகிறது. தடி ஊன்றி வந்த கிழவர்கள் இலையை வழித்து நக்கினார்கள். நானும் நக்கினேன்.

அதற்குப் பிறகு டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. நாடக டிக்கெட்டோடு சேர்த்தே மெஸ்ஸில் இலைக்கும் சொல்லிவைத்துக்கொள்வார்கள். கலை ஊரைத் திருத்திவிட்டது என்று வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்களும் கஞ்சத்தனம் பண்ணவில்லை. குழாய் கொடுத்தோம். தெருவிளக்கு கொடுத்தோம். பிள்ளைகளுக்கு ஊஞ்சல்கூடக் கொடுத்தோம். அரிசியை மட்டும் ஒவ்வொரு நாடகப் பருவமும் அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்தோம்.

ஒரு நாள் சபையில் அப்புக்குட்டி வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டான். "அரிசி குடுத்துட்டா அவிய தின்னுபோடுவாங்க. அப்பறம் நாம பசிக்கு எங்கடா போறது?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தோம்.

தெய்வாத்தாள் மட்டும் நாடகத்துக்கு வரவே இல்லை. கூப்பிட்டால், "பட்டினிக்கு டிக்கெட்டு வாங்கிப் போற கூத்தை இங்கதானுங்க பாக்கறேன்" என்பாள். ஒரு தடவை கேட்டாள்: "நாடகம் முடிஞ்சதும் அந்தப் புள்ளைக்கு ஆராச்சும் சோறு போடறீங்களா?"

அதை நான் விசாரிக்கவில்லை என்றேன்.

இந்தப் பருவம் நறுமுகை பிடிவாதமாக நின்றுவிட்டாள். கடைசி நாடகத்தன்று ஓட்டுக்கு வருவது அரிசி ஒன்றுதான், இல்லாவிட்டால் இனி நாடகமே கிடையாது என்றாள். வேறு வழியின்றி ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்டதற்காக எனக்கு ஒரு பரிசும் கொடுத்தாள். நடமாட முடியாதவர்கள் வீட்டிலேயே பார்க்கத் தோதாகப் புதிதாகச் செய்த ஒரு ஜோடிப் பட்டை. என்னவோ விளக்கிச் சொன்னாள். வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன்.

கடைசி நாடகத்தன்று காலையில் பசந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். முன்கட்டு ஆசாரத்துக்கு வெளியே நின்று கும்பிட்டாள்.

"ஐயா, இன்னிக்கு உங்க கையிலதானுங்க இருக்குது. என்ற புள்ளை, குனின்னு பேருங்க, அதுக்குப் பொழுது எறங்குனா கண்ணு தெரியறதில்லீங்க. சுவத்தைத் தடவிட்டு நடக்குது. நல்ல சோறு போட்டாச் சரியாப் போகும், இல்லீன்னா பகல்லயும் தெரியாமப் போயிரும்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க."

"பாக்கலாம் அம்மிணி" என்றேன். பாக்கலாம் என்ற சொல் மாதிரி உபயோகமானது உலகத்தில் இல்லை. சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் பசந்தி சமையலறை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் வட்டல். வட்டலில் அரிசிபருப்புச் சாதம், மேலே நெய்.

"அம்மா, நான் இன்னிக்குச் சாப்படக் கூடாதுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"எவ சொன்னா அப்படி?" என்றாள் தெய்வாத்தாள். "இந்த ஊட்டுக்கு வந்த ஒருத்தரும் வெறும் வயித்தோட வாசப்படி தாண்டுனதில்ல. வயிறு காஞ்சு கண்ணு உள்ள போயிக் கெடக்குது. ஒரு வாய் உண்ணு கண்ணு. நாடகம் பொழுதோடதான? அதுக்குள்ள செமிச்சுப்போகும்."

பசந்தி சோற்றைப் பார்த்தாள். மறுபடி தெய்வாத்தாளைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தின்ன ஆரம்பித்தாள். முதலில் ஒரு வாய். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. தெய்வாத்தாள் இன்னும் இன்னும் என்று போட்டாள். மகளுக்கும் ஒரு தூக்குப்போசி நிறையக் கட்டிக் கொடுத்தாள்.

நான் துண்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் என்ன ஆகும் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் தின்கிறவள் கையைப் பிடித்து நிறுத்துகிற குடும்பம் இல்லை எங்களுடையது. நறுமுகைக்காவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. அரிசி கொடுத்துவிட்டால் எனக்குப் பசி போய்விடும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் கொட்டகை நிரம்பி வழிந்தது. எல்லாரும் பட்டையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். பசந்தி மடிக்க ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் மூடியைத் திறந்தான். குழம்பு வாசனை வந்தது. வயிற்றில் ஒன்றுமே நடக்கவில்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வதும் தப்பு. என்னவோ நடந்தது. வயிறு கதகதவென்று கனத்தது. தோள் தளர்ந்தது. கை கால் எல்லாம் இளகி, எதிலும் அவசரம் இல்லாமல் போனது. பெற்ற பிள்ளைக்கும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த உடம்பு அது. எங்களுக்கு வயிறு நிறைந்திருப்பது தினமும் உள்ளதுதான். நிறைந்ததற்காக ஓர் உடம்பு இவ்வளவு சந்தோஷப்படும் என்பது தெரியாது. தெரியாததால் அது என்னவென்று ஒருவருக்கும் புரியவில்லை. அப்புக்குட்டி குறட்டை விட்டான். நாலைந்து பேர் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர், பட்டை பழுதாகிவிட்டது என்று கழற்றி உதறினார்.

விளக்கைப் போட்டதும் கூச்சல் கிளம்பியது. பசி எங்கே, இலைக்குச் சொல்லியிருக்கிறோமே என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நறுமுகை ஓடிப்போய்ப் பசந்தியின் கையைப் பிடித்தாள்.

"சாப்ட்டியா?"

பசந்தி தலையை ஆட்டினாள்.

"எங்க சாப்ட்ட? ஆரு குடுத்தா?"

முதல் வரிசையில் இருந்த என்னைப் பசந்தி பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். நானும் பார்த்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்வோம். அவள் அதைச் செய்தாள். சாப்பிட்ட வீட்டைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"எங்க ஊட்லதானுங்க சாப்ட்டேன்" என்றாள்.

அவ்வளவு போதும். அப்புக்குட்டி தூக்கம் கலைந்து எழுந்து நின்றான். "கேட்டீங்களா? அரிசியே இல்லீங்கறாங்க. ஊட்ல வயிறு முட்டத் தின்னுட்டு வந்திருக்கறா! இத்தன நாளும் நம்மளை முட்டாளாக்கியிருக்கறாங்க!"

ஓட்டு நடந்தது. அரிசி தோற்றது. அரிசிக்கு ஆதரவாக எழுந்த கைகள் இருந்த இடமே தெரியவில்லை. பசந்தி மடித்து வைத்த பனியன்களை மறுபடியும் எடுத்து மடித்துக்கொண்டு மேடையிலேயே இருந்தாள். யாரும் அவளை எழுந்து போகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நான் சொன்னதும் தெய்வாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் போட்டேன்னு சொன்னீங்களா?"

"உன்ற பேரு எதுக்குச் சந்தி சிரிக்கோணும்னு உட்டுட்டேன்."

"என்ற பேரை வெச்சுட்டு நான் கஞ்சியா காச்சப்போறேன்? போயிச் சொல்லுங்க. அந்தப் புள்ளை ஊரை ஏமாத்தலீன்னு சொல்லுங்க."

"பாக்கலாம்."

மறுநாள் அவளே கிளம்பிப் போய்ச் சபையில் சொல்லிப் பார்த்தாள். புருஷன் தலைவராக இருக்கும்போது பெண்சாதி சொல்லி ஓட்டை எப்படித் திருப்புவது என்று அப்புக்குட்டி அனுப்பிவிட்டான். விதியும் அப்படித்தான் இருக்கிறது. பருவம் முடிவதற்குள் தலைவர் தன் வாயால் கேட்டால் மறு ஓட்டு உண்டு, வேறு யார் கேட்டாலும் இல்லை. பிறகு அவள் நறுமுகையைப் போய்ப் பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

அதற்கப்புறம் வீட்டில் சண்டை இல்லை. நான் ஆறிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு நாள் மத்தியானம் பீரோவில் இருந்த கறுப்புப் பட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதைக் கட்டிட்டு உக்காருங்க."

கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தது பாருங்கள் பசி! பசந்தியின் பசி இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதில் ஏதோ ஓர் அந்நியம் இருக்கும். இது என் சொந்த வயிற்றிலிருந்தே கிளம்புகிற மாதிரி, பழகின வீட்டுக்குள் நுழைகிற மாதிரி வந்தது. அரிசிபருப்புச் சாதம் கல்யாணமான புதிதில் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

"உன்ற கைப்பக்குவம் திரும்பி வந்திருச்சு புள்ள!" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதையோ எதிர்பார்க்கிற முகம். நான் இன்னும் கொஞ்சம் நெய் கேட்டேன்.

தினமும் கட்டிக்கொண்டேன். நாளுக்கு நாள் பசி ஏறிக்கொண்டே போனது. எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. பசி எங்கிருந்து வந்தால் என்ன? கொட்டகையில் யாரையாவது உட்கார வைத்திருப்பார்கள். தெய்வாத்தாள் வளையல் முழங்கைவரை இறங்கியதைக் கவனித்தேன். வயதானால் எல்லாரும் வற்றத்தானே வேண்டும்.

பருவம் முடிவதற்கு முந்தின நாள், பொடக்காலியில் பேச்சுச் சத்தம் கேட்டுப் பின்வாசலுக்குப் போனேன். பசந்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுத் தூக்குப்போசியில் கொஞ்சம் சோறு வைத்துக்கொண்டு தெய்வாத்தாளிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். குனி பக்கத்தில் சுவரில் கையை வைத்தபடி நின்றிருந்தது. நல்ல வெயில்.

"ஒரு வாய் உண்ணுங்கம்மா. எங்களுக்காக வேண்டாங்க. எங்க வயிறு பழகுனது. உங்களுக்குத் தாங்காதுங்க."

"புள்ளைக்குப் போடு அதை" என்றாள் தெய்வாத்தாள். குரலே எழும்பவில்லை. அவள் நெற்றியில் வெள்ளைப் பட்டை இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் பட்டையை மறைக்கவில்லை. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"நறுமுகைகிட்டக் கேட்டேன். 'ஊரார் பசி ஐயாவுக்கு ருசியாத்தான் தெரியுதுங்கம்மா, உங்க பசி தெரிஞ்சா உருகிப்போவாரு'ன்னுச்சு. ஐம்பது வருஷத்துக்கு மேல நான் ஆக்கிப் போட்ட வயிறு, என்ற பசி இன்னதுன்னு அதுக்குத் தெரிஞ்சிரும்னு நானும் நம்புனேன். இப்பத் தெரிஞ்சுதுங்களா? போயி ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாங்க. நீங்க சொல்ற வரைக்கும் நான் சோத்துல கை வைக்க மாட்டேன்."

எனக்குத் துக்கம் பொங்கியது, பொய் சொல்லவில்லை. அவளைத் தாங்கிப் பிடித்தேன். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. என் பெண்சாதி எனக்காக இவ்வளவு பண்ணியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது உள்ளே அடுப்பில் சீரகமும் பூண்டும் தாளித்த வாசனை காற்றில் வந்தது. என் நெற்றியில் கறுப்புப் பட்டை இருந்தது. காலையிலேயே கட்டிக்கொண்டிருந்தேன்.

"சொல்றேன். கண்டிப்பாச் சொல்றேன்" என்றேன். "மொதல்ல வட்டலை வை."

பசந்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தூக்குப்போசியைக் கழுவித் திண்டின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அவளும் எங்களைப் போலவே முறை தெரிந்தவள்.

அன்று சாப்பிட்டதில் கண் அசந்துவிட்டது. மறுநாள் சபைக்குப் போகிற வேளையில் வெயில் அதிகம். பருவம் முடிந்துவிட்டது.

அடுத்த பருவத்துக்குப் புது விதி வந்திருக்கிறது. நடிக்கிறவர்களை இரண்டு நாள் முன்பே அறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், யாரும் சோறு கொடுத்துக் கலையைக் கெடுக்கக் கூடாது என்று. நறுமுகை ஊரைவிட்டுப் போய்விட்டாள். போனால் என்ன, பட்டைகள் இருக்கின்றன. பசந்தியின் பெயர் கெட்டுவிட்டதால் குனியைப் போடலாம் என்று அப்புக்குட்டி சொல்கிறான். கண் தெரியாவிட்டாலும் மடிக்கிற வேலைதானே. "வளர்ற ஒடம்போட பசிடா! நெனைச்சுப் பாரு!" என்கிறான். பசந்தி சரி என்று சொல்லிவிட்டாளாம். குனி நடித்தால் அரிசியை மறுபடி ஓட்டுக்கு வைப்பதாக அவளிடம் சொல்லியிருக்கிறோம். நானும் அன்றைக்கு எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். பாக்கலாம்.

தெய்வாத்தாள் ஒருமுறை பிடித்தால் விடாதவள். இன்னும் சோற்றில் கை வைக்கவில்லை. ஆனால் எனக்கு ஆக்கிப் போடுவதை நிறுத்தவும் இல்லை. அது அவளால் முடியாது. வெள்ளைப் பட்டையைக் கழற்றிவிடப் போனாள். நான்தான், நாளைக்கு ஒரு நாள் கட்டிக்கொள் என்று கேட்டேன். அடுத்த நாளும் கேட்டேன். இப்போது கேட்காமலே கட்டிக்கொள்கிறாள்.

இன்று மத்தியானம் இரண்டாம் முறை சோறு கேட்டேன். கரண்டியோடு எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். எனக்கும் தலை சுற்றியது. நல்ல பசி.